உருளையை நிறுத்தியவள்

அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மூலையம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் மூலையம்மாதான். படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளும் நூல் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும் என்று அவள் பிடித்த பிடிவாதத்துக்குக் கிடைத்த பட்டம் அது. கேலிக்கு வைத்ததுதான். அவளோ அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள்.

ஊரில் இருக்கும் விடுதிகளின் விரிப்புகள், தலையணை உறைகள் எல்லாம் அங்கே வந்துதான் வெளுத்துப் போகும். கூடத்தின் நடுவில் உருளை இருந்தது. உள்ளே நீராவி ஓடும் நீளமான இரும்பு உருளை. ஒரு பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பை அதற்குள் விடுவார்கள்; மறுபக்கம் அது காய்ந்து, சுருக்கமெல்லாம் போய், கை சுடும் சூட்டோடு வெளியே வரும். வெளியே வந்ததும் அதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். மடிக்கிறவர்களில் ஒருத்தி மூலையம்மா. எதிரே நிற்பவள் சின்னவள்.

சின்னவள் அவளுக்கு ஓரகத்தி. அண்ணனைக் கட்டியவளும் தம்பியைக் கட்டியவளும் ஒரே வீட்டில் கீழும் மாடியுமாகக் குடியிருந்து, ஒரே வண்டியில் வேலைக்கு வந்து, ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க எதிரெதிரே நின்றால் என்ன ஆகும் என்று அக்கம்பக்கம் ஆவலோடு காத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்துக்கும் துணிக்கொடிக்கும் முணுமுணுத்துக்கொள்வார்கள். வேலைக்கு வந்துவிட்டால் இருவர் கைகளும் ஒன்றாகிவிடும். இழு, சேர், மடி, திருப்பு. ஒருத்தி கை எங்கே போகும் என்று மற்றவள் கைக்குத் தெரியும்.

மூலையம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான். சின்னவளுக்கு வாய் ஓயாது. முதல் விரிப்பு வெளியே வரும்போது ஆரம்பித்தால் கடைசி விரிப்பு வரைக்கும் ஓடும். மாடிக் குழாயில் தண்ணீர் சொட்டுவது, தன் புருஷனின் குறட்டை, கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த வேறொரு சலவைக்கூடம், அங்கே கூட மடித்தவர்கள், அவர்களுடைய மாமியார்கள் என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். மூலையம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கண்ணை மூலையில் வைத்துக்கொண்டு, காதைச் சாத்திவிட்டு, அவ்வப்போது "உம்" கொட்டுவாள். சின்னவளுக்கு அந்த "உம்" போதுமானதாக இருந்தது. இப்படியே இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

கூடத்துக்கென்று சில சட்டங்கள் இருந்தன. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. உருளை ஓடும்போது ஜன்னல் திறக்கக் கூடாது. தெருப் புழுதி வெள்ளைத் துணியில் வந்து உட்காரும். மின்விசிறி போடக் கூடாது. விரிப்பு படபடத்து மூலை தவறும். எல்லாவற்றுக்கும் மேல், எடுத்த சுமை முடியும்வரை உருளையை நிறுத்தக் கூடாது. உள்ளே துணி இருக்கும்போது நின்றால் அந்த இடம் தீய்ந்து மஞ்சள் பட்டையாகிவிடும். அப்புறம் எந்தச் சோப்புக்கும் அது மசியாது.

நடுவில் நிறுத்த முடியாது என்பதால் நடுவில் வெளியே போகவும் முடியாது. கழிப்பறை முற்றத்தைத் தாண்டி இருந்தது. அதனால் உருளைப் பக்கம் நிற்கும் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும், போனால் உருளை நிற்கும். இதில் மூலையம்மா எல்லோருக்கும் ஒரு படி மேல். காலையில் ஒரு டீ. அப்புறம் சாப்பாட்டு மணிக்குத்தான் தொண்டை நனையும். "என்னால உருளை நின்னதா ஒரு பேச்சு வந்ததில்லை" என்று அவள் சொல்லும்போது குரலில் ஒரு கனம் ஏறும். அவளுடைய சொத்து அந்த ஒரு வாக்கியம்தான்.

அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு கிடந்தது. மழை வருவதுபோலக் காட்டிக்கொண்டு வராமல் இருந்தது. வெயில் இல்லை, ஆனால் ஒரு இலை அசையவில்லை. முற்றத்துக் கொடியில் முதல் நாள் போட்ட துண்டுகள்கூட இன்னும் நசநசவென்றுதான் தொங்கின. இரவெல்லாம் புழுக்கத்தில் புரண்டு படுத்ததில் மூலையம்மாவுக்குத் தலை லேசாக வலித்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலை என்று ஒன்று இருந்தால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைக்கிற ரகம் அவள்.

விரிப்புகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்த உருளைக்காரர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்கு என்னம்மா, உள்ளயும் நீராவி வெளியேயும் நீராவி" என்றார்.

"வேர்வை கொட்டுதுல்ல அண்ணே. கொட்டுற வரைக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லை" என்றாள் மூலையம்மா. கூடத்தில் எல்லோரும் நம்பியது அதைத்தான்.

துணியைக் காய வைத்தே வயிறு வளர்க்கிற கூட்டத்துக்கு இது தோன்றியிருக்க வேண்டும். காற்றில் ஈரம் முட்டிக்கொண்டு நிற்கிற நாளில் கொடியில் போட்ட துணி காயாது. அப்படியென்றால் உடம்பில் வழிகிற வேர்வை மட்டும் எங்கே காயும்? வேர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை. அது காய்ந்து போவதால்தான் குளிர்கிறது. அன்று மூலையம்மாவின் முதுகில் வழிந்ததெல்லாம் வெறுமனே வழிந்து தரையில் சொட்டியது. உள்ளே சூடு அப்படியே நின்றது, ஏறவும் செய்தது. விசிறி அணைந்து கிடந்தது, ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன, சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டிய விடுதிச் சுமை தள்ளுவண்டிகளில் மலையாகக் காத்திருந்தது.

முற்பகல் போல விரிப்புகள் கோணலாக வர ஆரம்பித்தன. மூலையம்மாவுக்கு அப்படித்தான் பட்டது. சேர்க்கும்போது மூலை உட்காரவில்லை. சின்னவள்தான் பேச்சு மும்முரத்தில் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள்.

"ஒழுங்காப் பிடி. கோணலா வருது."

சின்னவள் தன் முனையைப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. மூலையம்மாவின் பக்கம்தான் ஒரு கை அகலம் தள்ளிப்போயிருந்தது. அக்காவிடம் போய் மூலை கோணல் என்று சொல்வதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. தன் முனையை நகர்த்தி எப்படியோ ஒப்பேற்றினாள்.

அடுத்த விரிப்பும் கோணல். அதற்கடுத்ததும். மூலையம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விரிப்பு கனத்தது. ஏன் எல்லாரும் ஈரத்தோடு அனுப்புகிறார்கள்? கை மயிர் குத்திட்டு நின்றது, குளிர்வதுபோல இருந்தது. இந்தப் புழுக்கத்தில் குளிர்கிறதே என்று அவளுக்கு ஒரு கணம் ஆச்சரியம். அடுத்த கணம் அது மறந்துபோனது. எதிரே ஒருத்தி வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள். சுவரோரத் தள்ளுவண்டியில் வெள்ளைத் துணி குவிந்து கிடந்தது. அதற்குள் தன் மகன் படுத்திருப்பது மூலையம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சின்னக் கால், சின்ன விரல். மனசு அப்படியே நிறைந்துபோனது.

"சத்தம் போடாதடி. பையன் இப்பத்தான் கண்ணசந்தான்."

மீசையும் தாடியுமாக வேறொரு ஊரில் லாரி ஓட்டுகிற ஆள் அந்தப் பையன்.

சின்னவளின் வாய் நின்றது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது வேலை நேரத்தில் நின்றது அன்றுதான். "அக்கா, இங்க பாருங்க. இது என்ன இடம்?" என்றாள்.

மூலையம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். விரிப்பை விட்டுவிட்டுத் தள்ளுவண்டிப் பக்கம் திரும்பினாள். கால் தடுமாறியது.

இதற்குமேல் நடந்தது எதுவும் மூலையம்மாவுக்குத் தெரியாது. பின்னால் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதை ஒட்டுப்போட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

சின்னவள் ஒரே எட்டில் போய் உருளையின் சிவப்புப் பொத்தானை அடித்தாள். பாதி விரிப்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக உருளை நின்றது. உருளைக்காரர், "ஏய், தீயப்போகுது" என்று கத்திக்கொண்டே வந்தார். வந்தவர் மூலையம்மா தரையில் சரிந்து கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நெற்றியைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"வெளியே முற்றத்துல படுக்க வைப்போம். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். அது வரட்டும்."

"சொல்லுங்க. ஆனா வர்ற வரைக்கும் கை கட்டிட்டு நின்னா ஆள் இருக்க மாட்டாங்க" என்றாள் சின்னவள். "முற்றத்துல காத்து எங்க இருக்கு? அலசுத்தொட்டியில இறக்குங்க. கழுத்து வரைக்கும்."

"கொதிக்கிற உடம்பைப் பச்சைத்தண்ணியில போட்டா ஜன்னி கண்டுடும்மா."

"கண்டா என்னைக் கேளுங்க. இப்பத் தூக்குங்க."

அந்தக் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை. தூக்கினார்கள். கூடத்து வாசலை ஒட்டி இருந்த, துணி அலசுகிற சிமென்ட் தொட்டியில் நிலத்தடித் தண்ணீர் நிறைந்திருந்தது. சின்னவளும் கூடவே உள்ளே இறங்கி, பின்னாலிருந்து அக்காவின் அக்குளில் கை கொடுத்து, தலை தண்ணீருக்கு மேலே நிற்கும்படி தன் மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். யாரோ இரக்கப்பட்டு ஒரு தம்ளர் தண்ணீரை மூலையம்மாவின் வாயருகே கொண்டுவந்தார்கள். சின்னவள் அதைத் தட்டிவிட்டாள். "நினைவு தப்பினவங்க வாயில ஊத்தாதீங்க. நெஞ்சுக்குள்ள போயிடும். ஐஸ் வேணும். எங்கயாவது ஐஸ் கொண்டாங்க."

ஐஸுக்கு ஓடியவர் வண்டிக்காரர். விடுதிகளுக்குச் சுமை ஏற்றிப்போகிறவர். எதற்கும் நிதானமாகத்தான் நடப்பார். அன்று தெருமுனை ஜூஸ் கடையில் புகுந்து, கடைக்காரர் என்ன ஏது என்று கேட்பதற்குள் ஐஸ் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தொட்டியில் கவிழ்த்தபோது ஐஸோடு நறுக்கிய எலுமிச்சைத் துண்டுகளும் விழுந்தன. பொறுக்கி எடுக்க யாருக்கும் நேரமில்லை. உருளைக்காரர் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, கூடத்து விசிறியை இழுத்துவந்து தொட்டியைப் பார்க்க வைத்தார்.

சின்னவள் அக்காவின் காதில் பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை. குழாய் சொட்டுவதைப் பற்றித்தான் இருக்கும்.

ஐஸ் முக்கால்வாசி கரைந்திருந்த சமயம். மூலையம்மாவின் உடம்பு ஒரு முறை வெடவெடத்தது. கண் திறந்தது. கண் மெல்லக் கூடத்துக்குள் போய், நின்றுபோன உருளையையும் அதில் தொங்கிய விரிப்பையும் கண்டது.

"உருளையை யார் நிறுத்துனது?"

குரல் கம்மியிருந்தது. ஆனால் அதட்டல் அப்படியே இருந்தது. உருளைக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சின்னவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"நான்தான்க்கா. நல்லாத் திட்டுங்க."

ஆம்புலன்ஸ் அதற்கப்புறம்தான் வந்தது. இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். குணமாகி வரும் நேரத்தில் டாக்டர், "முதல்ல குளிர வெச்சுட்டு அப்புறம் அனுப்புனாங்க பாருங்க, அதனாலதான் நீங்க என்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க" என்றார். மூலையம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு அப்போதும் தீய்ந்த விரிப்புதான் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் சில வாரங்கள் சூட்டுப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. புருஷன் அடுப்படிக்குள் விடவில்லை. அவர் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டதில் நோய் திரும்பாமல் இருந்ததே பெரிய காரியம் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். மகன் லாரியோடு வந்து இறங்கி, வீட்டு வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போனான். தாடியோடு அவனைப் பார்த்தபோது அவளுக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. வண்டிக்காரர் ஒரு மூட்டையோடு வந்து, "ஜூஸம்மா, உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். எலுமிச்சை மிதந்த ஐஸ் தண்ணீரில் கிடந்ததில் பட்டம் மாறிவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூட்டையில் அந்த விரிப்பு இருந்தது. குறுக்கே அகலமாக மஞ்சள் பட்டை. முதலாளி முகத்தைச் சுளித்துக் கழித்துப் போட்டதாம்.

"தூக்கிப் போட மனசு வரலை" என்றார் வண்டிக்காரர்.

அன்று சாயங்காலம் சின்னவள் வேலை முடிந்து மாடிக்குப் போகாமல் நேராகக் கீழே வந்தாள். மூலையம்மா அந்த விரிப்பைக் கட்டிலில் விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். சின்னவளும் ஓரமாக உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். தண்ணியில போடணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வாயில ஊத்தக் கூடாதுங்கறது எல்லாம்?"

சின்னவள் அவளை வினோதமாகப் பார்த்தாள். "சொல்லியிருக்கேனேக்கா."

"என்னைக்கு?"

"மடிக்கும்போதுதான். ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கேன். முன்னாடி நான் இருந்த இடத்துல என்கூட மடிச்ச அண்ணன். அவருக்கும் இப்படித்தான். மழை வராத ஒரு நாள். முதல்ல மூலை தப்புச்சு, அப்புறம் சம்பந்தமில்லாமப் பேசுனாரு. நாங்க சிரிச்சோம். விழுந்ததும் வாசல்ல படுக்க வெச்சு வண்டிக்குக் காத்திருந்தோம். வண்டி வந்துச்சு. அவருதான் இல்லை." விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள். "தண்ணி பக்கத்துலயே இருந்துச்சுக்கா. சலவைக்கூடத்துல தண்ணிக்கா பஞ்சம்? அப்புறம் ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. அதைத்தான் உங்ககிட்ட சொன்னேன். நீங்க 'உம்'னு கேட்டுக்கிட்டீங்க."

மூலையம்மா காதைச் சாத்திக்கொண்டு கொட்டிய "உம்" எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. ஒரு மனுஷன் செத்த கதையை ஒருத்தி தன் கண்ணெதிரே நின்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். தனக்கு அதில் ஒரு சொல்கூட நினைவில்லை. தன் உயிர் அந்தப் பேச்சுக்குள்தான் இருந்திருக்கிறது. அவளுக்கு அவமானமாக இருந்தது. கூடவே, எதிரே உட்கார்ந்திருந்த இந்த வாயாடிமேல் தாங்க முடியாத பிரியமும் வந்தது. சொல்லத் தெரியாமல், "சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்லைக்கா. பெரிய மாமா சமையலா? அப்ப வேண்டாம்."

மூலையம்மா திரும்பி வேலைக்குப் போன அன்று கூடம் கொஞ்சம் மாறியிருந்தது. ஜன்னல்களில் மெல்லிய வலை அடித்துத் திறந்து வைத்திருந்தார்கள். மடிக்கிற இடத்தில் ஆட்களின் முதுகுக்குப் பின்னால், துணியில் படாமல் காற்று வரும்படி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒரு தண்ணீர்ப் பானை. இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தார்கள்: புதிதாகத் துணி விடாமல், உள்ளே இருப்பது வெளியே வந்ததும் உருளையை நிறுத்தினால் எதுவும் தீயாது. இத்தனை வருஷம் இது ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று உருளைக்காரர் தலையில் தட்டிக்கொண்டார். தோன்றினாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். நிறுத்தாமல் இருப்பதுதான் அங்கே பெருமையாக இருந்தது.

முதல் விரிப்பு வந்தது. இழு, சேர், மடி, திருப்பு. நான்கு மூலைகளும் அலுங்காமல் உட்கார்ந்தன. சின்னவள் பேச ஆரம்பித்தாள். குழாய்க்கு ஆள் வந்து பார்த்தானாம், பார்த்ததும் இன்னும் அதிகமாகச் சொட்டுகிறதாம். மூலையம்மா கேட்டாள். கேட்டுக்கொண்டே மடிப்பது கஷ்டமாக இருந்தது. ஒரு மூலை லேசாகப் பிசகியது. விட்டுவிட்டாள்.

சுமையில் பாதி முடிந்திருக்கும். மேகம் மறுபடி மூடிக்கொண்டு, காற்று நின்று, கூடத்தில் புழுக்கம் ஏறியது. மூலையம்மா விடுகிறவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவர்கள் நிறுத்தினார்கள். கடைசி விரிப்பு வெளியே வந்து, உருளை வெறுமையாகச் சுற்றியது. அவள் நடந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் விரல் அதில் பட்டதே இல்லை. உருளை முனகிக்கொண்டே நின்றது. கூடம் முழுக்க அவளையே பார்த்தது.

பானையிலிருந்து இரண்டு தம்ளர் மொண்டு வந்து ஒன்றைச் சின்னவளிடம் நீட்டினாள். தன்னுடையதை முழுசாகக் குடித்து முடித்தாள். அடுக்காகக் கிடந்த மடித்த விரிப்புகளுக்குப் பக்கத்தில், மேஜை ஓரமாக உட்கார்ந்து, சின்னவளுக்கும் இடம் விட்டாள்.

"உன்கூட மடிச்ச அந்த அண்ணனைப் பத்திச் சொல்லு" என்றாள். "அவரு பேரு என்ன? முதல்லேருந்து சொல்லு. நான் கேக்குறேன்."